ஆர்தர் ஆஷ்: ரத்தத்தில் வந்த எச்.ஐ.வி. 5 வருடம் சத்தமில்லாமல் செய்தது என்ன?

1983 மே மாதம். பாரிஸ் பாஸ்டர் ஆய்வு நிறுவனத்தில் லூக் மோன்டாக்னியர், பிரான்சுவாஸ் பாரே சினூசி குழுவினர் ஒரு புதிய வைரஸைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பின்னாளில் எச்.ஐ.வி. என்று பெயர் பெற்ற வைரஸ் அதுதான்.

அதற்கு அடுத்த மாதம், நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 39 வயது டென்னிஸ் வீரர் ஒருவருக்கு இரண்டாவது முறையாக பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. சிகிச்சை முடிந்து சோர்ந்து கிடந்தவருக்குத் தெம்பு வரட்டும் என்று ரத்தம் ஏற்றினார்கள். அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று சோதிக்கும் பரிசோதனை அப்போது உலகத்தில் எங்குமே கிடையாது.

அந்த வீரர் ஆர்தர் ஆஷ். தன் உடலில் வைரஸ் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது 1988-ல். நடுவில் 5 வருடம். ஓடினார், எழுதினார், போராடினார், ஒரு குழந்தைக்கு அப்பாவும் ஆனார். வெளியே பெரிதாக எதுவும் தெரியவில்லை.

எச்.ஐ.வி. வந்தால் நோய் எதிர்ப்பு சக்தி போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனா எப்படிப் போகிறது? ஏன் இத்தனை வருடம் எடுத்துக்கொள்கிறது? ஆஷின் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்தால் அது புரியும்.

யார் இந்த ஆர்தர் ஆஷ்?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம், ரிச்மண்ட் நகரம். 1943 ஜூலை 10-ல் பிறந்தார். வெள்ளையருக்கு ஒரு பள்ளி, கறுப்பினத்தவருக்கு ஒரு பள்ளி, பேருந்தில்கூட தனித்தனி இருக்கை என்று சட்டமே பிரித்து வைத்திருந்த காலம். ஆஷுக்கு 6 வயதாகும்போது அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்குக் கறுப்பினத்தவருக்கான ஒரு பூங்காவில் பராமரிப்பாளர் வேலை. வீடும் அந்தப் பூங்காவுக்குள்ளேயே. வாசலை விட்டு இறங்கினால் டென்னிஸ் மைதானம்.

அங்கே மட்டையைப் பிடித்த ஒல்லிப் பையன், கலிபோர்னியாவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு படித்தார். 1963-ல் அமெரிக்காவின் டேவிஸ் கோப்பை அணிக்குத் தேர்வான முதல் கறுப்பின வீரர் ஆனார்.

1968-ல் அமெரிக்க ஓபன் பட்டம் வென்றார். முதல் பரிசு 14,000 டாலர். ஆனா அமெச்சூர் வீரர் என்பதால் அந்தப் பணத்தை அவரால் வாங்க முடியவில்லை. அன்றாடச் செலவுக்கான படி மட்டும்தான் கைக்கு வந்தது. 1970-ல் ஆஸ்திரேலிய ஓபன். 1975-ல் விம்பிள்டன் இறுதிப் போட்டியில், எல்லோரும் வெல்வார் என்று நினைத்த ஜிம்மி கானர்ஸைத் தோற்கடித்தார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆண் அவர்தான்.

1977-ல் புகைப்படக் கலைஞர் ஜீன் முத்துசாமியைத் திருமணம் செய்துகொண்டார். ஆமாம், நம்ம ஊர் முத்துசாமிதான். ஜீனின் அப்பா வழிக் குடும்பம் கரீபியன் தீவான குவாதலூப்பைச் சேர்ந்தது. 19-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து கூலித் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அந்த வழியில் கடல் தாண்டிப் போன பெயர் அது.

36 வயதில் மாரடைப்பு

ஆஷ் நல்ல விளையாட்டு வீரர், உடம்பும் ஒல்லி. இருந்தும் 1979 ஜூலையில் மாரடைப்பு வந்தது. அப்போது வயது 36. அந்த டிசம்பரில் முதல் பைபாஸ். 1980-ல் ஆட்டத்திலிருந்து ஓய்வு. அடுத்த வருடம் அமெரிக்க டேவிஸ் கோப்பை அணிக்கு ஆடாத கேப்டன் பொறுப்பு. அவர் தலைமையில் 1981, 1982 இரண்டு வருடமும் கோப்பை வந்தது. மறுபடியும் நெஞ்சுவலி. 1983 ஜூனில் இரண்டாவது பைபாஸ். அப்போது ஏற்றிய ரத்தத்தில்தான் வைரஸ் வந்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பின்னால் முடிவுக்கு வந்தார்கள்.

ரத்தத்தில் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1985 மார்ச்சில். அவருக்கு அது இரண்டு வருடம் தாமதம்.

வைரஸ் முதலில் பிடிப்பது யாரை?

நம்ம ரத்தத்தில் சிடி4 டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது. கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் இருப்பார் இல்லையா? அவர் கரண்டியைத் தொட மாட்டார், பந்தி பரிமாற மாட்டார். ஆனா யார் எங்கே போக வேண்டும், எது எப்போது நடக்க வேண்டும் என்று ஏவி வேலை வாங்குவது அவர்தான். சிடி4 செல்லும் அப்படித்தான். கிருமியைக் கொல்லும் செல்லுக்கும், ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லுக்கும் தகவலும் உத்தரவும் போவது இதன் மூலமாக.

எச்.ஐ.வி. நேராக வந்து பிடிப்பது இந்தப் பெரியவரை. வைரஸின் மேலே இருக்கும் ஒரு புரதம், செல்லின் மேலுள்ள சிடி4 என்ற கொக்கியில் மாட்டிக்கொள்கிறது. பக்கத்தில் இன்னொரு கொக்கியையும் பிடித்து உள்ளே நுழைகிறது. தன் ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றி, செல்லின் சொந்த டிஎன்ஏவுக்குள்ளேயே ஒட்டிக்கொள்கிறது. அதன்பிறகு அந்த செல் தன் வேலையோடு சேர்த்து வைரஸுக்கும் வேலை பார்க்கும்.

முதல் சில வாரங்களில் பெரிய அடி விழுவது ரத்தத்தில்கூட இல்லை, குடலில். உடம்பின் டி செல்களில் பெரும் பங்கு குடல் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. அங்கே சிடி4 செல்கள் வேகமாக அழிகின்றன. காவல் குறைந்ததும் குடல் சுவர் லேசாகக் கசியத் தொடங்குகிறது. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்துக்கு வந்துவிடுகின்றன. எதிரி வந்துவிட்டான் என்று உடம்பு ஓயாமல் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது. இதைத்தான் நாள்பட்ட அழற்சி என்கிறார்கள்.

அடுப்பு எரிகிற வீடாகப் பார்த்து நுழையும் வைரஸ்

இந்த அலாரம் வைரஸுக்குத்தான் லாபம். எப்படி?

ஒரு டி செல் சும்மா ஓய்வில் இருக்கும்போது அதற்குக் கொஞ்சம் எரிபொருள் போதும். மைட்டோகாண்ட்ரியா என்ற சின்ன அடுப்பில் சிறு தீயில் காலத்தை ஓட்டிவிடும். கிருமி வந்துவிட்டது என்று தெரிந்தால் நிலைமையே வேறு. செல் பெரிதாகி, பல மடங்காகப் பெருக வேண்டும். குளுக்கோஸை அள்ளி அள்ளி உள்ளே இழுக்கும். எல்லா அடுப்பும் ஒரே நேரத்தில் எரியும். செல்லுக்குள் நடக்கும் இந்தச் சமையலைத்தான் வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

வைரஸுக்குச் சொந்தமாக அடுப்பும் கிடையாது, அரிசி பருப்பும் கிடையாது. தன்னைப் பிரதி எடுக்கத் தேவையான எல்லாமே செல்லிடமிருந்துதான் கிடைக்க வேண்டும். அதனால் அடுப்பு எரிகிற செல்லில்தான் அது நன்றாகப் பெருகும். பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2019-ல் வெளியிட்ட ஆய்விலும், வளர்சிதை மாற்றம் வேகமாக நடக்கும் சிடி4 செல்களையே எச்.ஐ.வி. அதிகம் பிடிக்கிறது என்று தெரியவந்தது.

இப்போது சுழற்சி புரிகிறதா? வைரஸ் வந்ததால் அழற்சி. அழற்சியால் இன்னும் நிறைய டி செல்கள் விழித்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கின்றன. அடுப்பு எரிகிற செல்லெல்லாம் வைரஸுக்கு அடுத்த வீடு.

அடுப்பு எரியாத வீட்டில் நடப்பது

சரி, ஓய்வில் இருக்கும் செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால்? அங்கே டிஎன்ஏ செய்யும் மூலப்பொருளுக்கே தட்டுப்பாடு. ஓய்வில் இருக்கும் செல்லில் ஒரு புரதம் அந்தச் சரக்கைச் சிதைத்துக் குறைத்து வைத்திருக்கும். அதனால் வைரஸின் நகல் வேலை பாதியில் நின்றுபோகும்.

நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. பாதியில் நின்ற அந்த டிஎன்ஏ துண்டுகளை செல் கண்டுபிடித்துவிடுகிறது. ஆபத்து என்று தன்னைத்தானே வெடித்து அழித்துக்கொள்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவன ஆய்வாளர்கள் 2010-லும் 2014-லும் வெளியிட்ட ஆய்வுகள் சொன்ன செய்தி இது. நிணநீர் திசுக்களில் இறக்கும் சிடி4 செல்களில் 95 சதவீதத்துக்கு மேல் இப்படி, வைரஸை ஒழுங்காக உற்பத்தி செய்யாமலேயே இறப்பவைதான்.

செல் வெடிக்கும்போது உள்ளே இருந்த அழற்சிப் பொருட்கள் வெளியே கொட்டும். என்ன சத்தம் என்று பார்க்க இன்னும் பல சிடி4 செல்கள் ஓடிவரும். அவற்றிலும் வைரஸ் நுழையும்.

கிருமியைக் கொல்ல வேண்டிய சிடி8 செல்களும் தப்புவதில்லை. ஓய்வே இல்லாமல் வருடக்கணக்கில் சண்டை போட்டு, குளுக்கோஸைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல், மைட்டோகாண்ட்ரியாவும் பலவீனமாகி, பெயருக்கு மட்டும் நிற்கும். இதற்கு மருத்துவ மொழியிலேயே களைப்பு என்றுதான் பெயர்.

அந்த 5 வருடம்

இவ்வளவும் உள்ளே நடக்கும்போது வெளியே ஏன் தெரியவில்லை? உடம்பு தோற்றுக்கொண்டே புதுச் செல்களைத் தயாரித்துக்கொண்டிருக்கும். நாள்தோறும் அழிவதும் நாள்தோறும் பிறப்பதும் கிட்டத்தட்ட ஈடாகும். அந்தக் கணக்கில் தினமும் விழும் சின்னப் பற்றாக்குறைதான் வருடங்கள் போகப் போகப் பெரிதாகிறது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு சுமார் 500 முதல் 1,500 வரை சிடி4 செல்கள் இருக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இது பெரும்பாலும் 8 முதல் 10 வருடங்களில் 200-க்குக் கீழே வரும். அந்தக் கோட்டைத் தாண்டினால் எய்ட்ஸ். சிலருக்கு இன்னும் சீக்கிரமே.

ஆஷுக்கு அந்த வருடங்கள் நிறைவானவை. 1985-ல் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் போராடிக் கைதானார். 1986 டிசம்பரில் அவரும் ஜீனும் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். அம்மாவின் தொழிலை நினைத்து கேமரா என்று பெயர் வைத்தார்கள். கறுப்பின அமெரிக்க விளையாட்டு வீரர்களின் வரலாற்றைத் தேடித் திரட்டி 3 தொகுதிகளாக எழுதினார். அது வெளிவந்த வருடம் 1988.

வலது கை சொன்ன சேதி

அதே 1988-ன் கோடை முடியும் நேரம். ஆஷின் வலது கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. டெலிபோன் எண்ணைச் சுழற்றக்கூட விரல்கள் வரவில்லை. விம்பிள்டனில் மட்டையைப் பிடித்த அதே கை.

ஸ்கேனில் மூளையின் இடது பக்கம் ஏதோ இருப்பது தெரிந்தது. செப்டம்பரில் அறுவை சிகிச்சை செய்து பார்த்தார்கள். கட்டி இல்லை, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதும் உறுதியானது.

டாக்சோபிளாஸ்மா அபூர்வமான கிருமி இல்லை. பூனையின் கழிவு மூலமாகவும், சரியாக வேகாத இறைச்சி மூலமாகவும் பரவும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானோர் உடம்பில் அது தூங்கிக்கொண்டிருக்கிறது. டி செல்கள் காவலுக்கு இருக்கும்வரை அது எழாது. சிடி4 எண்ணிக்கை 100-க்குக் கீழே போகும்போதுதான் பெரும்பாலும் எழுந்து மூளையைத் தாக்கும். அதாவது, அந்தக் கை மரத்துப்போனபோது 5 வருடச் சரிவு ஏற்கெனவே அடிமட்டத்துக்கு வந்திருந்தது.

ஜீனுக்கும் குழந்தைக்கும் பரிசோதனை செய்தார்கள். இருவருக்கும் தொற்று இல்லை.

மருந்து காப்பாற்றியது, விலையும் கேட்டது

அன்றைக்கு இருந்த மருந்து ஏஇசட்டி. அமெரிக்காவில் 1987-ல் அனுமதி பெற்றது. ஆஷும் அதை எடுத்துக்கொண்டார். வைரஸ் டிஎன்ஏ செய்யும்போது நடுவில் போலிச் செங்கல் ஒன்றைச் செருகி வேலையை நிறுத்துவது அதன் உத்தி. பிரச்சினை என்னவென்றால், மைட்டோகாண்ட்ரியாவுக்கும் சொந்தமாக டிஎன்ஏ இருக்கிறது. போலிச் செங்கல் சில நேரம் அங்கேயும் போய் உட்காரும். ரத்தசோகை, தசை பலவீனம் எல்லாம் அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவுகள். தனி மருந்தாகக் கொடுத்தால் வைரஸும் சீக்கிரம் அதற்குப் பழகிவிடும்.

வைரஸ் உடம்பு முழுக்க எரிபொருள் கணக்கைக் குலைப்பது இன்னொரு பக்கம். ஓயாத அழற்சி இருப்பதால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு கூடுதல் சக்தியைச் செலவழிக்கும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு கூடும், நல்ல கொழுப்பு குறையும். நோய் முற்றும்போது தசையே கரையும். ஆப்பிரிக்காவில் இந்த நோயை மெலிவு நோய் என்று அழைத்ததற்குக் காரணம் இதுதான்.

ஆஷின் இதய நோய் எச்.ஐ.வி.யால் வந்ததில்லை. அது முன்பே இருந்தது. ஆனா எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம் என்பது இன்று உறுதியான விஷயம். 12 நாடுகளில் 7,769 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஸ்டேட்டின் வகை மாத்திரை கொடுத்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் 35 சதவீதம் குறைந்தன.

சொல்லலாமா வேண்டாமா என்பதை யார் முடிவு செய்வது?

ஆஷ் தன் நோயை மூன்றரை வருடம் வெளியே சொல்லவில்லை. குடும்பம், மருத்துவர்கள், நெருங்கிய நண்பர்கள் சிலர், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் எய்ட்ஸ் என்ற சொல்லே ஒருவரை ஊரைவிட்டு ஒதுக்கப் போதுமானதாக இருந்தது. வீட்டில் சின்னக் குழந்தை வேறு.

1992 ஏப்ரலில் யுஎஸ்ஏ டுடே நாளிதழுக்குத் தகவல் கசிந்தது. உறுதிப்படுத்தச் சொல்லி அவரிடமே கேட்டார்கள். யாரோ எழுதி உலகம் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று முடிவெடுத்தார். ஏப்ரல் 8-ம் தேதி பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். மகளைப் பற்றிய இடம் வந்தபோது குரல் உடைந்து, மீதியை ஜீன் படிக்க வேண்டியிருந்தது. பொது வாழ்க்கையில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவரின் மருத்துவ ரகசியம் செய்தியாகிவிடுமா என்ற விவாதம் அமெரிக்கா முழுக்க நடந்தது.

அதற்குப் பிறகு அவருக்குக் கிடைத்தது 10 மாதம். எய்ட்ஸை ஒழிப்பதற்கென ஓர் அறக்கட்டளை தொடங்கினார். செப்டம்பரில் ஹெய்ட்டி அகதிகளை நடத்தும் விதத்தை எதிர்த்து வெள்ளை மாளிகை முன் போராடி மறுபடியும் கைதானார். டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தில் ஐ.நா. சபையில் பேசினார். தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதி முடித்தார். 1993 பிப்ரவரி 6-ல் இறந்தார். வயது 49. காரணம் நிமோனியா. டி செல்கள் நலமாக இருப்பவரிடம் தலைதூக்காத ஒரு பூஞ்சையால் வரும் நிமோனியாதான் எய்ட்ஸ் நோயாளிகளில் நிறைய பேரின் உயிரைக் குடித்தது.

அமெரிக்க ஓபன் நடக்கும் பிரதான அரங்கத்துக்கு 1997-லிருந்து அவர் பெயர்தான்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை 1996-ல் வந்தது. ஆஷ் இறந்து 3 வருடம் கழித்து. வைரஸ் தப்பிக்க வழியில்லாமல் ஒரே நேரத்தில் பல இடத்தில் தடுப்பதால் சிடி4 செல்கள் மறுபடியும் ஏறத் தொடங்கும். இன்று பெரும்பாலானோருக்குத் தினமும் ஒரு மாத்திரை போதும். வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் மற்றவருக்குப் பரவாது.

ஆனா முழுசாகக் குணமாகிவிடுமா? இல்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் தூங்கும் சில நினைவுச் செல்களின் டிஎன்ஏவுக்குள் வைரஸ் ஒளிந்திருக்கும். செல் வேலை செய்யாதபோது மருந்துக்கு அங்கே வேலை இல்லை. மாத்திரையை நிறுத்தினால், அந்தச் செல்கள் விழிக்கும்போது வைரஸும் விழித்துக்கொள்ளும். தூங்கும் அந்தச் செல்களின் வளர்சிதை மாற்றத்தைக் கையாண்டு வைரஸை வெளியே கொண்டுவர முடியுமா என்பதுதான் இன்றைய ஆய்வுகளில் ஒன்று.

இந்தியாவில் அரசு ஏஆர்டி மையங்களில் 2004-லிருந்து மருந்து இலவசம். சிடி4 எவ்வளவு என்று பார்த்துக் காத்திருக்காமல், தொற்று உறுதியானதுமே மருந்தைத் தொடங்குவதுதான் இப்போதைய நடைமுறை. தானமாக வரும் ஒவ்வொரு யூனிட் ரத்தத்துக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயம்.

ஆஷுக்குக் கிடைக்காத இன்னொன்றும் இங்கே சட்டமாக இருக்கிறது. 2017-ல் வந்த எச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. அதைக் காரணம் காட்டி வேலையை விட்டு நீக்கவும் கூடாது. வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை செய்யச் சொல்லவும் கூடாது.

சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம். அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையங்களில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், ரகசியமும் காக்கப்படும். ஆஷின் உடம்பில் அந்தச் சரிவு 5 வருடம் யாருக்கும் தெரியாமல் நடந்தது. தொடக்கத்திலேயே அதைக் கண்டுபிடித்து நிறுத்த இன்று ஒரு ரத்தப் பரிசோதனையும் ஒரு மாத்திரையும் கையில் இருக்கின்றன.